கூவெட் ஓட்டத்தின் நிலைப்புத்தன்மை: வரலாறு

கூவெட் ஓட்டம் என்பது இரண்டு இணையான தட்டுகளுக்கு இடையே உள்ள நீர்மம், தட்டுகளில் ஒன்று நகர்வதால் மட்டுமே இழுக்கப்பட்டு ஓடும் ஓட்டம் ஆகும். பாய்ம இயக்கவியலில் இதைவிட எளிய ஓட்டம் இல்லை எனலாம். இந்த ஓட்டத்தைச் சற்றுக் குலைத்தால் அது தன் பழைய நிலைக்குத் திரும்புமா, அல்லது கொந்தளிப்பாக மாறுமா என்பது 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த கேள்வி. கணக்கு, ஓட்டம் எப்போதும் நிலைப்புடையது என்றது. ஆய்வகமோ அது கொந்தளிப்பாக மாறுவதைக் காட்டியது. இந்த முரண்பாட்டைத் தீர்க்கும் முயற்சி 130 ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது. அதன் போக்கில் "நிலைப்புத்தன்மை" என்ற சொல்லின் பொருளே மாறியது.

சறுக்கு ஓட்டம்

ஆற்றின் நடுவில் நீர் வேகமாகவும் கரையோரம் மெதுவாகவும் ஓடுகிறது. இவ்வாறு அடுத்தடுத்த அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கிச் செல்லும் ஓட்டம் சறுக்கு ஓட்டம் எனப்படும். மேசைமேல் வைத்த சீட்டுக்கட்டின் மேற்பகுதியைக் கையால் பக்கவாட்டில் தள்ளினால் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்வதை இதற்கு ஒப்பிடலாம். கூவெட் ஓட்டத்தில் வேகம் ஒரு தட்டிலிருந்து மற்றத் தட்டுவரை ஒரே சீராகக் கூடுகிறது. அதன் வேக வரைபடம் ஒரு நேர்க்கோடு.

அடுக்குகள் ஒழுங்காகச் செல்லும்போது அது வரிச்சீர் ஓட்டம். ஒழுங்கு குலைந்து சுழல்கள் தோன்றினால் அது கொந்தளிப்பு ஓட்டம். பள்ளிப் பாடநூல்களில் இது சுழற்சி ஓட்டம் எனக் குறிக்கப்படுகிறது. வரிச்சீர் ஓட்டத்தில் குழாயின் தடை வேகத்திற்கு நேர்விகிதத்தில் கூடும். கொந்தளிப்பு வந்துவிட்டால் அதைவிட மிக வேகமாகக் கூடும். எனவே எப்போது ஒன்று மற்றொன்றாக மாறுகிறது என்பது நீரேற்றும் குழாய் முதல் வானூர்தி இறக்கைவரை செலவோடு தொடர்புடைய கேள்வியாகும்.

ரெனால்ட்ஸின் ஆய்வு

1883 இல் மான்செஸ்டர் நகரின் ஓவன்ஸ் கல்லூரியில் பொறியியல் பேராசிரியராக இருந்த ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் தம் புகழ்பெற்ற ஆய்வை வெளியிட்டார். 1 அங்குலம், அரை அங்குலம், கால் அங்குல விட்டமுள்ள கண்ணாடிக் குழாய்களில் நீரைச் செலுத்தி, அதன் நடுவே மெல்லிய சாய இழை ஒன்றை விட்டார். வேகம் குறைவாக இருந்தபோது இழை கலையாமல் நேராகச் சென்றது. வேகம் ஓர் அளவைத் தாண்டியதும் சாயம் குழாய் முழுவதும் பரவிக் கலந்தது. மின்பொறியின் ஒளியில் பார்த்தபோது அந்தக் கலங்கல் தனித்தனிச் சுழல்களாகத் தெரிந்தது.

மாற்றம் நிகழும் இடத்தைத் தீர்மானிப்பது வேகம் மட்டும் அல்ல என்பதை ரெனால்ட்ஸ் கண்டார். வேகத்தைக் குழாயின் விட்டத்தால் பெருக்கி, நீர்மத்தின் இயக்கப் பாகுநிலையால் வகுத்தால் கிடைக்கும் எண்ணே அதைத் தீர்மானிக்கிறது. பின்னாளில் சோமர்ஃபெல்ட் 1908 இல் இதற்கு "ரெனால்ட்ஸ் எண்" என்று பெயரிட்டார். இந்த எண் பெரியதாக இருந்தால் பாகுநிலையின் பிடி தளர்ந்துள்ளது என்று பொருள்.

ரெனால்ட்ஸ் கண்ட இன்னொரு உண்மை அக்காலத்தில் அதிகம் கவனிக்கப்படவில்லை. ஓட்டம் எந்த எண்ணில் கலங்கும் என்பது, தொட்டியில் இருந்த நீர் எவ்வளவு அமைதியாக இருந்தது என்பதைப் பொறுத்தது. நீரை அசைவின்றி நெடுநேரம் விட்டுவைத்தபோது எண் ஏறத்தாழ 13,000 வரை வரிச்சீர் ஓட்டம் நீடித்தது. சிறு அசைவு இருந்தாலும் அதற்கு வெகு முன்பே கலங்கியது. அவருடைய கருவி இன்றும் மான்செஸ்டரில் உள்ளது. பல பத்தாண்டுகளுக்குப் பின் அதே ஆய்வைத் திரும்பச் செய்தவர்களால் 13,000 ஐ எட்ட முடியவில்லை. தெருவில் செல்லும் ஊர்திகளின் அதிர்வே அதற்குக் காரணம்.

ராலேயும் கெல்வினும்

இந்த ஆய்வுக்கு முன்பே கணிதவியலாளர்கள் இச்சிக்கலைத் தொட்டிருந்தனர். வெவ்வேறு வேகத்தில் செல்லும் இரு அடுக்குகளின் எல்லை அலையலையாகக் குலையும் என்பதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1868 இலும் கெல்வின் 1871 இலும் காட்டினர். காற்று வீசும்போது நீர்ப்பரப்பில் அலை எழுவதை விளக்க இதுவே தொடக்கம். 1880 இல் ராலே பிரபு, பாகுநிலை இல்லாத நீர்மத்தில் சறுக்கு ஓட்டம் நிலை குலைய வேண்டுமானால் அதன் வேக வரைபடத்தில் ஒரு வளைவு மாற்றப் புள்ளி இருந்தாக வேண்டும் என்று நிறுவினார். கூவெட் ஓட்டத்தின் வரைபடம் நேர்க்கோடு. அதில் வளைவு மாற்றத்திற்கே இடமில்லை. ஆகவே ராலேயின் விதிப்படி அது குலைவதற்குக் காரணம் எதுவும் இல்லை.

1887 இல் கெல்வின் பாகுநிலையையும் சேர்த்து இந்த ஓட்டத்தை ஆராய்ந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஆடம்ஸ் பரிசுக்கு இதே பொருள் தலைப்பாக வைக்கப்பட்டிருந்த காலம் அது. எந்தப் பாகுநிலையிலும் ஓட்டம் நிலைப்புடையது என்ற முடிவுக்கு அவர் வந்தார். அவருடைய நிறுவலில் குறை இருப்பதை ராலேயும் பின்னர் வில்லியம் ஓரும் சுட்டிக்காட்டினர். ஆயினும் ஆய்வகத்தில் காணும் கொந்தளிப்புக்கு கெல்வின் கூறிய விளக்கம் வியப்புக்குரியது. ஓட்டம் மிகச் சிறிய குலைவுகளைத் தாங்கும். ஆனால் பாகுநிலை குறையக் குறைய, அது தாங்கக்கூடிய குலைவின் அளவும் சுருங்கிக்கொண்டே வரும் என்றார். நிறுவல் பிழையாக இருந்தும் கருத்து சரியாக இருந்தது. அதைக் கணித மொழியில் எழுதி நிறுவ மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

கூவெட்டின் உருளைகள்

ஓட்டத்திற்குத் தம் பெயரைத் தந்த மொரிஸ் கூவெட் பிரெஞ்சு இயற்பியலாளர். 1890 இல் பாரிஸில் அளித்த ஆய்வேட்டில், ஒன்றினுள் ஒன்றாக வைத்த இரு உருளைகளுக்கு இடையே நீர்மத்தை நிரப்பி, வெளி உருளையைச் சுழற்றிப் பாகுநிலையை அளந்தார். இடைவெளி குறுகலாக இருந்தால் உருளைகளின் வளைவு பொருட்டல்ல. இரு இணைத் தட்டுகள்போலவே கொள்ளலாம். சுழற்சி ஒரு வேகத்தைத் தாண்டியதும் உள் உருளைமீதான இழுவிசை திடீரெனக் கூடுவதை அவர் பதிவு செய்தார். ஓட்டம் கொந்தளிப்பாக மாறியதன் அடையாளம் அது.

உள் உருளையைச் சுழற்றினால் நிகழ்வதை 1923 இல் ஜி. ஐ. டெய்லர் ஆராய்ந்தார். அங்கே கணக்கும் ஆய்வும் மிக அழகாகப் பொருந்தின. கணக்கு சொன்ன வேகத்திலேயே வளையம் வளையமான சுழல்கள் தோன்றின. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற எஸ். சந்திரசேகர் 1961 இல் வெளியிட்ட பாய்ம நிலைப்புத்தன்மை பற்றிய பெருநூல், டெய்லரின் சிக்கலையும் அதுபோன்ற பலவற்றையும் விரிவாகத் தொகுத்தது. ஒரே முறை அங்கே வெற்றி பெற்று, எளிய தட்டுகளுக்கு இடையே தோற்றுப்போனது புதிரை மேலும் கடினமாக்கியது.

வில்லியம் ஓரும் சோமர்ஃபெல்டும்

டப்ளின் நகரில் பணியாற்றிய வில்லியம் மெக்ஃபாடன் ஓர் 1907 இலும், ஜெர்மனியின் அர்னால்ட் சோமர்ஃபெல்ட் 1908 இலும் தனித்தனியே ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டை அடைந்தனர். அது இன்று ஓர்–சோமர்ஃபெல்ட் சமன்பாடு எனப்படுகிறது. மிகச் சிறிய குலைவு ஒவ்வொன்றும் காலப்போக்கில் வளருமா தேயுமா என்பதை இச்சமன்பாட்டின் ஐகன் மதிப்புகள் கூறும்.

வில்லியம் ஓர் இதோடு நிற்கவில்லை. முடிவில் தேய்ந்துபோகும் குலைவும் இடையில் சிறிது காலம் பெரிதாக வளரக்கூடும் என்று அவர் காட்டினார். சீட்டுக்கட்டின் பக்கவாட்டில் மையால் சாய்ந்த கோடுகள் வரைந்திருப்பதாகக் கொள்வோம். கோடுகள் தள்ளும் திசைக்கு எதிராகச் சாய்ந்திருந்தால், சீட்டுகள் நகர நகர அவை முதலில் நிமிரும். பிறகே மறுபக்கம் சாய்ந்து, மேலும் மேலும் நெருங்கும். கோடுகள் நிமிர்ந்து நிற்கும் வேளையில் குலைவின் ஆற்றல் உச்சத்தில் இருக்கும். நெருங்க நெருங்க அது தேயும். நெடுங்காலத்தில் என்ன ஆகும் என்பதை மட்டும் பார்ப்பவர் இடையில் வரும் இந்த உச்சத்தைத் தவறவிடுவார். பல பத்தாண்டுகள் அவ்வாறே தவறவிடப்பட்டது.

எத்தகைய பெரிய குலைவும் தேய்ந்துவிடும் எல்லை எது என்பதையும் வில்லியம் ஓர் ஆற்றல் முறையில் கணக்கிட்டார். தட்டுகளின் வேக வேறுபாட்டில் பாதியையும் இடைவெளியில் பாதியையும் கொண்டு ரெனால்ட்ஸ் எண்ணை வரையறுத்தால், அவர் கண்ட மதிப்பு 44.3. முப்பரிமாணக் குலைவுகளையும் சேர்த்தால் சரியான எல்லை 20.7 என்று டேனியல் ஜோசப் 1966 இல் காட்டினார்.

ஹைசன்பர்க்கின் ஆய்வேடு

சோமர்ஃபெல்ட் தம் மாணவர் வெர்னர் ஹைசன்பர்க்குக்கு முனைவர் பட்டத்திற்குக் கொடுத்த தலைப்பும் இதுவே. 1923 இல் மியூனிக்கில் ஹைசன்பர்க் அளித்த ஆய்வேடு குவாண்டம் இயற்பியலைப் பற்றியது அல்ல, கொந்தளிப்பைப் பற்றியது. இரு நிலையான தட்டுகளுக்கு இடையே அழுத்தத்தால் தள்ளப்பட்டு ஓடும் ஓட்டம் குறிப்பிட்ட எண்ணுக்குமேல் நிலை குலையும் என்று அவர் தோராய முறையில் காட்டினார். கணித அடிப்படை போதாது என்று பலர் இதை ஏற்கவில்லை. 1944–45 இல் சி. சி. லின் அதே முடிவைச் செம்மையாக அடைந்தார். 1953 இல் எல். எச். தாமஸ் கணினியில் கணக்கிட்டு எல்லை ஏறத்தாழ 5,780 என்றார். 1971 இல் ஸ்டீவன் ஓர்சாக் அதை 5,772 எனத் துல்லியமாக்கினார். ஆனால் ஆய்வகங்களில் அந்த ஓட்டம் ஏறத்தாழ 1,000 இலேயே கொந்தளிக்கிறது.

கூவெட் ஓட்டத்திற்கோ எந்த எல்லையும் கிடைக்கவில்லை. 1973 இல் சோவியத் கணிதவியலாளர் ரொமானோவ் இறுதியான நிறுவலைத் தந்தார். ரெனால்ட்ஸ் எண் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், மிகச் சிறிய குலைவுகளுக்கு இவ்வோட்டம் நிலைப்புடையது. 1992 இல் ஸ்டாக்ஹோமில் டில்மார்க், ஆல்ஃபிரட்சன் ஆகிய இருவரும் எதிரெதிர்த் திசையில் ஓடும் பட்டைகளைக் கொண்டு இவ்வோட்டத்தை உருவாக்கினர். ஏறத்தாழ 360 என்ற எண்ணிலேயே கொந்தளிப்பு நிலைபெற்றது. ஒரு பக்கம் முடிவிலிவரை நிலைப்பு என்ற நிறுவல். மறுபக்கம் 360 இல் கொந்தளிப்பு. இரண்டிலும் பிழை இல்லை.

தற்காலிக வளர்ச்சி

1993 இல் லாய்ட் டிரெஃபெதனும் அவருடன் மூவரும் எழுதிய கட்டுரை முரண்பாட்டின் வேரைத் தெளிவாக்கியது. ஐகன் மதிப்புகள் அனைத்தும் தேய்வைக் காட்டினாலும், ஐகன் திசையன்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இல்லாவிட்டால் அவற்றின் கூட்டு இடைக்காலத்தில் மிகப் பெரிதாக வளரலாம். ஏறக்குறைய எதிரெதிர்த் திசையில் உள்ள இரு நீண்ட அம்புகளின் கூட்டுத்தொகை சிறியது. அவற்றில் ஒன்று வேகமாகவும் மற்றொன்று மெதுவாகவும் தேய்ந்தால், கூட்டுத்தொகை முதலில் பெரிதாகிப் பிறகே குறையும். சறுக்கு ஓட்டங்களில் நிகழ்வது இதுவே.

இந்த வளர்ச்சியில் முக்கியமானது முப்பரிமாண விளைவு. ஓட்டத்தின் நீளவாக்கில் அமைந்த மெல்லிய சுழல் ஒன்று, மெதுவாகச் செல்லும் நீரை மேலே தூக்கி, வேகமாகச் செல்லும் நீரைக் கீழே இறக்குகிறது. இதனால் வேகமும் மெதுவுமான நீண்ட பட்டைகள் உருவாகின்றன. எலிங்சனும் பாமும் 1975 இல் இதை விளக்கினர். தொடக்கக் குலைவு மிகச் சிறியதாக இருந்தால் பட்டைகள் வளர்ந்து பின் தேய்ந்துவிடும். சற்றுப் பெரியதாக இருந்தால், பட்டைகளே உடைந்து புதிய சுழல்களை உண்டாக்கும்.

கேள்வி இப்போது மாறியது. "ஓட்டம் நிலைப்புடையதா?" என்பதற்குப் பதிலாக, "எவ்வளவு குலைவுவரை தாங்கும்? ரெனால்ட்ஸ் எண் கூடும்போது அந்தத் தாங்கும் எல்லை எப்படிச் சுருங்கும்?" என்று கேட்கப்பட்டது. கெல்வின் 1887 இல் சொன்ன கருத்தே புதிய வடிவில் திரும்பி வந்தது. 2003 இல் ஹோஃப், ஜூயல், முல்லின் ஆகியோர் மான்செஸ்டரில் குழாய் ஓட்டத்தில் இதை அளந்தனர். தாங்கும் எல்லை ரெனால்ட்ஸ் எண்ணுக்கு எதிர்விகிதத்தில் குறைவதைக் கண்டனர்.

பாகுநிலையற்ற தணிவு

பாகுநிலை அறவே இல்லாவிட்டால் என்ன ஆகும்? அப்போது ஆற்றலை வெப்பமாக மாற்றும் உராய்வு இல்லை. குலைவு அழிய வழியில்லை என்றே தோன்றும். ஆனால் கூவெட் ஓட்டத்தில் அது தணிகிறது. சீட்டுக்கட்டின் கோடுகளை மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். சீட்டுகள் நகர நகரக் கோடுகள் நெருங்கி, கடைசியில் தனித்தனியே தெரியாமல் சாம்பல் நிறமாகத் தோன்றும். மை அழியவில்லை, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்மையாகப் பரவிவிட்டது. அதுபோலவே நீர்மத்தின் சுழிப்பு நுண்ணிய பட்டைகளாக நீள்கிறது. அடுத்தடுத்த பட்டைகளின் விளைவு ஒன்றையொன்று நீக்குவதால் வேகக் குலைவு தேய்கிறது. ஓட்டத் திசையிலான குலைவு காலத்திற்கு எதிர்விகிதத்திலும், குறுக்குத் திசையிலான குலைவு காலத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்திலும் குறையும்.

இது நேரியல் கணக்கு. குலைவுகள் ஒன்றோடொன்று வினைபுரிவதையும் சேர்த்தால் இது நிலைக்குமா என்பது கடினமான வினா. மின்மத் துகள்களில் இதையொத்த தணிவை லெவ் லாண்டாவ் 1946 இல் கண்டிருந்தார். அங்கே முழுச் சிக்கலையும் கிளெமென்ட் மூவோ, செட்ரிக் வில்லானி ஆகியோர் தீர்த்தனர். அவர்கள் கட்டுரை 2011 இல் வெளியானது. 2013 இல் ஜேக்கப் பெட்ரோசியன், நாதர் மஸ்மூதி ஆகிய இருவரும் இருபரிமாணக் கூவெட் ஓட்டத்திற்கு இதை நிறுவி அறிவித்தனர். கட்டுரை 2015 இல் அச்சேறியது. போதிய அளவு சிறிய, மிக வழுவழுப்பான குலைவு ஒவ்வொன்றும் முடிவில் அடங்கி, ஓட்டம் கூவெட் ஓட்டத்திற்கு மிக அருகிலுள்ள ஒரு சறுக்கு ஓட்டமாக அமையும்.

எதிரொலிகள்

"மிக வழுவழுப்பான" என்ற நிபந்தனை ஏன்? மறைந்துபோன பட்டைகள் தம் நினைவை இழப்பதில்லை. நெருங்கிய பட்டைத் தொகுதிகள் இரண்டு வினைபுரிந்தால், எதிர்ப்பக்கம் சாய்ந்த மூன்றாவது தொகுதி பிறக்கலாம். ஓட்டம் அதை மெல்ல நிமிர்த்தும்போது, அடங்கிவிட்டதாக நினைத்த குலைவு வெகுநேரம் கழித்து மீண்டும் தலைகாட்டும். இது எதிரொலி எனப்படுகிறது. மின்மத் துகள்களில் இத்தகைய எதிரொலி 1968 இலேயே ஆய்வகத்தில் கேட்கப்பட்டது. ஓர் எதிரொலி இன்னொன்றைத் தூண்ட, அது மற்றொன்றைத் தூண்ட, இச்சங்கிலி குலைவைப் பெருக்கக்கூடும். குலைவில் நுண்ணிய அலைகளின் பங்கு மிக விரைவாகக் குறைந்தால் மட்டுமே சங்கிலி அறுபடும். யூ டெங், மஸ்மூதி இருவரும் 2018 இல், வழுவழுப்பு அந்த எல்லைக்குச் சற்றுக் குறைந்தாலும் நெடுங்காலத்தில் ஓட்டம் நிலை குலையக்கூடும் என்று காட்டினர். ஆகவே அந்த நிபந்தனை நிறுவலின் வசதிக்காக வைத்தது அல்ல, இயற்கையிலேயே உள்ளது.

தாங்கும் எல்லை

சிறிது பாகுநிலை இருந்தால் அது நுண்ணிய பட்டைகளை விரைவில் அழித்துவிடும். சறுக்கலும் பாகுநிலையும் சேர்ந்து செய்யும் வேலை, பாகுநிலை தனியே செய்வதைவிட மிக விரைவானது. பாகுநிலை பத்து இலட்சத்தில் ஒரு பங்கு எனில், தனியே தேய ஆகும் காலம் பத்து இலட்சம் அலகு. சறுக்கலோடு சேர்ந்தால் ஏறத்தாழ 100 அலகு மட்டுமே. இதற்கான கணக்கு கெல்வினின் 1887 கட்டுரையிலேயே மறைந்திருந்தது.

இதைப் பயன்படுத்தி பெட்ரோசியன், பியர் ஜெர்மேன், மஸ்மூதி ஆகியோர் 2017 இல் வெளியிட்ட நிறுவலில், முப்பரிமாணக் கூவெட் ஓட்டம் பாகுநிலையின் ஒன்றரை மடி அளவிலான குலைவுவரை தாங்கும் என்று காட்டினர். 2021 இல் வெளியான கட்டுரையில் டோங்யி வெய், சிஃபெய் ஷாங் ஆகியோர் அதைப் பாகுநிலைக்கு நேர்விகிதமான அளவுவரை உயர்த்தினர். ரெனால்ட்ஸ் எண் 10 மடங்கு கூடினால், முதல் முடிவின்படி குலைவு ஏறத்தாழ 32 மடங்கு சிறியதாக இருக்க வேண்டும். இரண்டாவதன்படி 10 மடங்கு சிறியதாக இருந்தால் போதும். மான்செஸ்டரில் குழாயில் அளந்த விகிதமும் இதுவே என்பது குறிப்பிடத்தக்கது.

இன்றைய நிலை

ரொமானோவின் நிறுவலும் ஸ்டாக்ஹோம் ஆய்வும் முரண்பட்டவை அல்ல என்பது இப்போது தெளிவு. முன்னது எண்ணற்ற அளவு சிறிய குலைவுகளைப் பற்றிப் பேசுகிறது. பின்னது ஆய்வகத்தில் தவிர்க்க முடியாத அளவுள்ள குலைவுகளைக் காண்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லை எங்கே என்பதே உண்மையான கேள்வி. அலெக்ஸாண்ட்ரு யோனெஸ்கு, ஹாவோ ஜியா ஆகியோரும், மஸ்மூதி, வெய்ரென் ஷாவோ ஆகியோரும் பாகுநிலையற்ற தணிவை வேகம் சீராகக் கூடிச்செல்லும் பிற சறுக்கு ஓட்டங்களுக்கும் விரித்துள்ளனர். எல்லையைத் தாண்டிய குலைவு எவ்வாறு கொந்தளிப்பாக மாறி நிலைபெறுகிறது என்பதற்கு முழுமையான கணித நிறுவல் இன்னும் இல்லை. தொட்டி நீர் அசையாமல் அடங்கும்வரை ரெனால்ட்ஸ் காத்திருந்ததன் காரணத்தைக் கணிதம் இப்போது அளவோடு சொல்கிறது: ஓட்டத்தின் நிலைப்பு அதன் வேகத்தை மட்டுமன்றி, அதைத் தொடும் குலைவின் அளவையும் வடிவையும் பொறுத்தது.